பேர்சி அங்கிள் வீட்டின் சரியான கறுப்பு

புதிய ரீவி வாங்கிய வீட்டில் அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பொலித்தீனை யாரும் கழற்ற விடமாட்டார்கள். நான் இரண்டு வருடமாக வீடுவீடாகப் போய் ரீவி பூட்டிக் கொடுப்பவன். எண்ணிப் பார்த்திருக்கிறேன்: நாற்பத்தொரு வீட்டில் முப்பத்தாறு. ஆறு மாதத்தில் அது சுருண்டு, உள்ளே எறும்பு குடியேறிவிடும். இருந்தாலும் கழற்றமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

முகைதீன்பாவா சேர், ரீவி திருத்தும் மாலை வகுப்பில் என் செயன்முறைக் கொப்பியை நீங்கள் திருப்பித் தந்தபோது கடைசிப் பக்கத்து அட்டவணைக்குக் கீழே சிவப்பு மையால் "இது என்ன? ஏன்? எழுதித் தரவும்" என்று எழுதியிருந்தீர்கள். புள்ளி போடவில்லை. ஆகவே எழுதித் தருகிறேன். இதில் பிழை இருந்தால் அது என் விளக்கத்தின் பிழையாக இருக்கலாம். அளவுகளை நான் இரண்டு தரம் சரிபார்த்திருக்கிறேன்.

பேர்சி அங்கிள் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு. அதற்கு அப்பால் வாவிதான். அவர் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர், வயது அறுபத்தெட்டு, காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றிப் போவார். மகள் வேரா அக்கா கச்சேரியில், அரச அலுவலகத்தில், வேலை செய்கிறார். மெல்பேணில் இருக்கும் மகன் ரொபின், என் முதலாளி றமீஸ் காக்காவின் கடையிலிருந்து ஐம்பத்தைந்து அங்குல ரீவி ஒன்றை எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார். பூட்டியவன் நான். பூட்டும்போது என் போனையும் அதனோடு இணைத்துவிட்டேன். றிமோட் தொலைந்தால் உதவும் என்று எல்லா வீட்டிலும் அப்படிச் செய்வேன்.

எங்கள் கடையிலிருந்து போகும் எல்லா ரீவியும் கடையில் கண்காட்சிக்கு வைக்கும் அமைப்பிலேயேதான் போகும். வெளிச்சம் நூற்றுக்கு நூறு, நிறங்கள் கலியாணவீட்டுப் பந்தல் மாதிரி. நான் ஒரு தரம் அதை மாற்றப் போனபோது றமீஸ் காக்கா கையைத் தட்டிவிட்டார்.

"கடையில பாத்த மாதிரியே ஊட்டுலயும் இரிக்கணும். இல்லாட்டி சாமான மாத்திப்போட்டான் எண்டு சொல்லுவானுகள். கண்ணப் பறிக்கணும் தம்பி, அதான் யாவாரம்."

ஆகவே பேர்சி அங்கிளின் ரீவியில் ஆட்களின் முகம் எல்லாம் பழுத்த தக்காளியாக இருந்தது. அவருக்கு அது உயிர். பின்னேரம் நான்கு மணிக்கு வாவியின் வெயில் ஹோலுக்குள் வந்து சுவரெல்லாம் ஆடும் நேரத்தில், அவர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு படம் பார்ப்பார்.

மே மாதம் நீங்கள் எங்களுக்கு எச்.டி.ஆர். படிப்பித்தீர்கள். நான் எழுதியதை அப்படியே தருகிறேன். பழைய முறையில் படம் "இவ்வளவு வீதம் வெளிச்சம்" என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்பதை ரீவி தன் இஷ்டத்துக்கு முடிவுசெய்யும். புதிய முறையில் படம் ஒவ்வொரு புள்ளிக்கும் "இத்தனை நிற்" என்று கணக்காகச் சொல்கிறது. நிற் என்றால் ஒரு சதுர மீற்றரில் ஒரு மெழுகுதிரியின் வெளிச்சம். படம் ஆயிரம் நிற் கேட்கும். மலிவு ரீவியிடம் முந்நூறுதான் இருக்கும். அப்போது அது ஆயிரத்தை மடித்து முந்நூறுக்குள் திணிக்கவேண்டும். "பத்துப் பேர் ஏறுற வேனில முப்பது பேர ஏத்துறது, ஆனா ஒருத்தரும் விழக்கூடா" என்றீர்கள். பெட்டியில் எச்.டி.ஆர். என்று ஒட்டியிருப்பதற்கு அர்த்தம், அந்த ரீவிக்குக் கடிதம் வாசிக்கத் தெரியும் என்பது மட்டுமே, கடிதத்தில் கேட்டதைக் கொடுக்க அதனிடம் இருக்கிறது என்பதல்ல என்றும் சொன்னீர்கள். வகுப்பு சிரித்தது. நான் எழுதிக்கொண்டிருந்ததால் சிரிக்கத் தவறிவிட்டேன்.

பதினான்காம் பக்கத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறேன். சரியான அமைப்பு இருட்டறைக்கு உரியது, வெயில் வரும் ஹோலில் அதைப் போட்டால் படம் மங்கிப்போகும் என்பது. அதற்குக் கீழே கோடும் போட்டிருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லப்போவதில்லை.

அந்தக் கிழமையே பேர்சி அங்கிளிடம் போய், அவருடைய ரீவி உண்மையான எச்.டி.ஆர். அல்ல என்று விளக்கத் தொடங்கினேன். வாசலில் ஆட்டோக்காரர் இரண்டு பேர் பிளேன்ரீ குடித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ட மகன் மெல்பேணில இருந்து எடுத்துத் தந்த சாமான்" என்றார் அங்கிள். "இவனுக்கு இன்னும் மீச ஒழுங்கா முளைக்கல்ல. இவன் டொக்டர் மாதிரி ரீவிக்கு வருத்தம் கண்டுபிடிக்கிறான்."

"அங்கிள், நிழலுக்குள்ள நிறைய விசயம் இருக்கு. உங்களுக்குத் தெரியிறல்ல."

"நிழலுக்குள்ள இருக்கிறத நீயே வெச்சுக்கொள் மனே. நான் காசு குடுத்தது வெளிச்சத்துக்கு."

ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை. என் நாட்குறிப்பில் அன்று "விளக்கம் 2 நிமிடம், இடையூறு 5" என்று மட்டும்தான் இருக்கிறது. வீட்டிலும் என் விளக்கங்கள் இரண்டு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. என் குரலில் ஏதோ குறை இருக்கவேண்டும்.

மறுநாள் அங்கிள் முகம் கழுவப் போன நேரத்தில், போனிலிருந்து ரீவியைக் கடை அமைப்பிலிருந்து எடுத்து சினிமா அமைப்பில் போட்டேன். அதுதான் இயக்குநர் பார்த்த படம். அவர் ஒரு தரம் ரசித்தபிறகு உண்மையைச் சொல்வதாக இருந்தேன்.

அவர் வந்து உட்கார்ந்தார். திரையை உற்றுப் பார்த்தார்.

"என்ன மனே, மழ இருட்டா?"

வெளியே வெயில் கொளுத்தியது. இல்லை என்றேன். அவர் வலது கண்ணைப் பொத்தி இடது கண்ணால் பார்த்தார், பிறகு மாற்றிப் பார்த்தார். வலது கண்ணில் போன வருடம்தான் புரை எடுத்திருந்தார்கள்.

"எங்கட பெரியண்ணனுக்கும் இப்பிடித்தான். முதல்ல கறுப்புக்குள்ள இருக்கிறது போச்சு. மறுகா மூலையெல்லாம் போச்சு. மறுகா ஒண்டும் இல்ல."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் திரையைக் காட்டி, "அந்தக் கதவுக்குப் பின்னால நிக்கிறது ஆம்பிளையா பொம்பிளையா?" என்று கேட்டார்.

ஆம்பிளை, கையில் ஒரு பையுடன் நிற்கிறான் என்றேன். பையின் நிறம் கேட்டார். சொன்னேன். நிழலுக்குள் அந்த நிறம் எப்படித் தெரிகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார். அன்றைய குறிப்பு: "விளக்கம் 25 நிமிடம், இடையூறு 0."

அதன்பிறகு நான் ஒவ்வொரு பின்னேரமும் போனேன். மீன் பணிஸ் வாங்கிக்கொண்டு போவேன். அவர் பார்க்க, நான் சொல்வேன். ஒரு புள்ளியின் வெளிச்சம் எப்படி எண்ணாகிறது, ஒரு நிறத்தை ஆயிரத்து இருபத்துநாலு படியாகப் பிரித்தால் வானத்தில் ஏன் வரி விழுவதில்லை, எல்லாம் சொன்னேன். அவருக்குப் பாதியும் விளங்கியிருக்காது. ஆனால் எழும்பிப் போகவில்லை.

மூன்றாம் கிழமை அவர் ஆட்டோ ஓட்டுவதை நிறுத்தினார். "ஊராண்ட பிள்ளையள் மனே, விளையாட்டில்ல" என்றார். அந்தப் பொறுப்புணர்ச்சியை நான் மதிக்கிறேன். குறிப்பிலும் எழுதியிருக்கிறேன்.

ஐந்தாம் கிழமை அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட்டார். ரீவியின் அமைப்பால் கோப்பை தெரியாமல் போக வழியில்லை, ஆகவே இதை எந்த நிரலில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. "வேறு" என்று போட்டேன்.

வேரா அக்கா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கண்ணில் அழுத்தம் இல்லை, நரம்பு நல்லது, வயதுக்கு மிக நல்ல கண் என்று டொக்டர் சொன்னாராம். அங்கிள் அதை நம்பவில்லை. "அண்ணனுக்கும் முதல்ல இப்பிடித்தான் சொன்னவங்க."

ஏழாம் கிழமை அவர் கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகத் தொடங்கினார். வரப்போவதற்கு இப்பவே பழகினால் மகளுக்குப் பாரமாக இருக்காது என்பது அவர் நியாயம். கட்டிலிலிருந்து கக்கூசுக்குப் பத்தொன்பது காலடி. கிணற்றடிக்கு முப்பத்திரண்டு. பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கயிறு கட்டித் தரமுடியுமா என்று என்னைக் கேட்டார். தோணிக்காரர்கள் பாவிக்கும் நைலோன் கயிறு வாங்கிவந்து இடுப்பு உயரத்தில் கட்டினேன். திரும்பும் இடத்தில் கை உணரும்படி முடிச்சுப் போட்டேன். அந்த வேலையில் யாரும் பிழை காணமுடியாது.

வேரா அக்காதான் முதலில் சந்தேகப்பட்டார். ஒரு சனிக்கிழமை ரீவிக்கு முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நிலோஜன், எனக்கும் இருட்டாத்தான் கிடக்கு. ரீவிலதான் என்னவோ பிழ போல. உனக்கு எப்பிடித் தெரியுது?"

"எனக்கு நல்லாத் தெரியுது அக்கா."

"உண்மையாவா?"

"அங்கிளுக்கும் அங்கிளிட அண்ணனுக்கும் இருந்ததெண்டா அது குடும்பத்துல வாறது. நீங்களும் ஒருக்காக் காட்டினா நல்லம்."

அவர் குசினிக்குள் போனார். பிறகு அங்கே தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அடுத்த மாதம் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அது அவருக்கு அழகாகவே இருக்கிறது.

ஒன்பதாம் கிழமை சித்தாண்டியிலிருந்து ஒருவர் வந்து ஆட்டோவை வாங்கிப் போனார். அங்கிள் வாசலில் நின்று சத்தம் தேயும்வரை கேட்டார். "இரண்டாம் கியருக்கு மாத்தத் தெரியாத மாடு" என்றார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, "படத்தப் போடு மனே" என்றார்.

இப்போது உங்கள் சிவப்பு மைக்கு வருகிறேன். நீங்கள் சுற்றி வட்டமிட்டது நான்காவது நிரலை. பின்னொளி: முதலாம் கிழமை 100, மூன்றாம் கிழமை 80, ஐந்தாம் கிழமை 60, ஏழாம் கிழமை 45, ஒன்பதாம் கிழமை 30, பன்னிரண்டாம் கிழமை 20. சினிமா அமைப்பிலும் எச்.டி.ஆர். படத்துக்குப் பின்னொளி நூறிலேயே இருக்கவேண்டும் என்று நீங்கள் படிப்பித்ததை நான் அறிவேன். ஆகவே மூன்றாம் கிழமையிலிருந்து அது இயக்குநரின் படமும் அல்ல, சரியான கறுப்பும் அல்ல. வேரா அக்கா றிமோட்டால் கூட்டும்போதெல்லாம் நான் சட்டைப்பைக்குள் கையை விட்டுக் குறைத்தேன். பதினொரு தரம். அந்த வீட்டில் யாருடைய கண்ணிலும் பிழை இல்லை. நான் செய்தேன்.

ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வீட்டில் ஒரே பார்வையாளரைத் தொடர்ந்து அவதானிக்கச் சொன்னது பாடத்திட்டம்தான் என்று முதலில் எழுதி, பிறகு வெட்டிவிட்டேன்.

போன வியாழன் வகுப்பு முடிந்ததும் நீங்கள், கொப்பியிலிருந்தே விளங்கிக்கொண்டு, என்னை மறித்து, இன்றைக்கே போய் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கி, அந்த மனிசனிடம் வாயால் சொல்லு என்றீர்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் போனேன். அங்கிள் கயிற்றைப் பிடித்து நடந்துவந்து கதிரையில் உட்கார்ந்தார். நான் கடை அமைப்பைப் போட்டுப் பின்னொளியை நூறுக்கு ஏற்றினேன்.

அவர் நிமிர்ந்தார். இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டார். திரையில் ஒருத்தி மஞ்சள் சேலையுடன் சந்தைக்குள் ஓடிக்கொண்டிருந்தாள்.

"மனே" என்றார். "மஞ்சள்."

கண்ணீர் தாடியில் இறங்கியது. அதைத் துடைக்கவில்லை. நான் சொல்லவேண்டியதைச் சொல்லத் தொடங்கினேன். மடித்துத் திணிக்கும் விடயத்திலிருந்து தொடங்கினால்தான் விளங்கும் என்று அங்கிருந்து தொடங்கினேன். முழுவதையும் ஒரு தாளில் ஒழுங்காக எழுதிக்கொண்டு போயிருந்தேன். இரண்டு வசனம் போயிருக்காது.

"பொத்துடா வாய" என்றார் அங்கிள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "படம் பாக்க விடு."

நான் பொத்தினேன். அவர் சிரித்தார், சேலைக்காரியைத் துரத்திய தடியனைத் தூசணத்தால் ஏசினார், வேராவைக் கூப்பிட்டார், அவர் வேலைக்குப் போயிருந்தது மறந்துபோய் இன்னொரு தரம் கூப்பிட்டார். நான் அங்கே இருப்பது அவருக்கு நினைவில்லை. ஏழு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பின்னொளியைப் பத்துக்கு இறக்கினேன்.

நீங்கள் கோபிப்பீர்கள் என்று தெரியும், சேர். ஆனால் நீங்கள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவ்வளவு சந்தோசம் அந்த வயதில் இதயத்துக்குக் கூடாது. அதனால்தான் குறைத்தேன்.