நெஞ்சுக்குள் மூன்று பலூன்

சிவாஜிநகரில் பஸ் ஏறியதும் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்தார்கள். ஆபரேஷன் முடிந்து அன்றுதான் கணவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். திறந்திருந்த சட்டைக்குள் நெஞ்சை மூடிய கட்டு தெரிந்தது.

“நுரையீரல்ல ரெண்டு நீர்க்கட்டி, இதயத்துல ஒன்னு. தண்ணி ஊத்தின பலூன் மாதிரி இருந்துச்சாம்,” என்றாள் அந்த அம்மா. “உள்ளயே ஒடைஞ்சிருந்தா உசுருக்கே ஆபத்தாம். ஒன்னுகூட ஒடையாம எடுத்துட்டாங்க.”

“நாய்ங்ககிட்ட இருக்கற புழுவோட முட்டையாலதான் வந்துச்சாமே?” என்றார் அவர்.

“நம்ம நாய் வாயோட வாய் வெச்சுக் கொஞ்சாதேன்னு எத்தினி தபா சொன்னேன்!”

அவர் தயங்கிக் கேட்டார். “ராணியைத் துரத்திட்டியா?”

“துரத்தத்தான் ஆட்டோல ஏத்தி அல்சூர் வரைக்கும் கொண்டு போனேன்.”

“அப்புறம்?”

“நீ ஆஸ்பத்திரில கெடக்கறே. வீட்ல நான் யார்கிட்டய்யா பேசுவேன்? அதே ஆட்டோல நாய் டாக்டர்கிட்ட போயி, புழு மாத்திரை குடுத்து, திரும்பக் கூட்டியாந்துட்டேன்.”

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“சிரிக்காதய்யா, தையல் வலிக்கும்,” என்று அவள் அவர் கை மேல் தன் கையை வைத்தாள். தொம்மலூர் வரும்வரை எடுக்கவில்லை.