பச்சைப் படலைக்கு வழி

இல்லைத் தம்பி, குதிரை எண்டா குதிரைதான். செட்டை முளைச்ச யானை வேற. என்ரை பதினொரு புத்தகத்திலயும் இளவரசன் ஆதிரன் அந்த யானையிலதான் ஏறிப் பறந்து திரியிறான், கடைசியில அதிலதான் வீட்டுக்கு வந்து இறங்கிறான். நீங்கள் உங்கட ரீவி நாடகத்தில அவனை இறக்கி ஒரு நொண்டிக் குதிரையில ஏத்திவிடப் போறியளோ? கண்டியில நிண்டுகொண்டு யானைக்குத் தட்டுப்பாடு எண்டு மட்டும் என்னட்டச் சொல்லாதேங்கோ. பெரஹரா ஊர்வலத்தில வரிசையா நடக்கிறதெல்லாம் என்ன, ஆட்டுக்குட்டியே? ரெஜிபோம் அட்டையில ரெண்டு செட்டை வெட்டிக் கட்டிவிட்டா முடிஞ்சுது. என்ன, யானை அதுக்குச் சம்மதிக்குமோ எண்டோ? ம்... அது நியாயமான கேள்விதான்.

கொஞ்சம் இருங்கோ. பஸ் நிண்ட சத்தம் கேட்டது. ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வாறன்.

ஒருத்தருமில்லை. முன்வீட்டுச் சிங்கள ரீச்சர்தான் குடையோட இறங்கிப் போறா. நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறிப் போகுது. வீரம்மா, தம்பிக்கு அந்த வடையையும் கொண்டுவாங்கோ. வீரம்மா ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்து ஆள், என்னோடயே நிக்கிறா. என்ரை புத்தகம் முழுக்க வாசிச்சவ. யானையை வெட்டப்போறியள் எண்டு காதில விழுந்துதோ, வடை வராது, சொல்லிப்போட்டன்.

ஓம், எனக்கு ஒரு இடத்தில இருக்க ஏலாதுதான். நீங்கள் வந்தாப்பிறகு எத்தினையாம் தரம் எழும்பிப் போறன் எண்டு எண்ணிக்கொண்டு இருக்கிறியள் போல. அரசாங்கக் கச்சேரியில உத்தியோகம் பாத்த காலமெல்லாம் ஒரே கதிரையில ஒட்டினமாதிரி இருந்தனான். இப்ப அஞ்சு நிமிசம் இருந்தாக் காலுக்குள்ள எறும்பு ஊருது. அதை விடுங்கோ. உங்கட அலுவலுக்கு வாங்கோ.

பதினொரு புத்தகம். அதைப் பதின்மூண்டு கிழமையில முடிக்கவேணும். கிழமைக்கு அரை மணித்தியாலம், அதிலயும் சவுக்கார விளம்பரம், பால்மா விளம்பரம் எல்லாம் போக என்ன மிஞ்சும்? என்ரை மாறவல்லி அரசி தலை இழுத்து முடிஞ்சு கொண்டை போடவே அரை மணித்தியாலம் வேணுமே தம்பி! ஐயோ, உங்களை ஏசேல்லை. உங்களுக்கு மேல இருக்கிறவையள் குடுத்த நேரம் அவ்வளவுதான், எனக்கு விளங்குது. இந்தியாவோட ஒப்பந்தம் வந்த கையோட, தமிழ் நாடகம் தாங்கோ, தமிழ் நாடகம் தாங்கோ எண்டு உங்களைத் துரத்திக்கொண்டு திரியினம். ஆனா சண்டை காட்டக்கூடாது. நெருப்புக் காட்டக்கூடாது. சீருடை போட்டவன் ஒருத்தனும் கெட்டவனா இருக்கக்கூடாது. பிறகு ராசா ராணிக் கதையில என்னத்தைத்தான் காட்டுறது, கோலம் போடுறதையோ?

சரி, வாசியுங்கோ, கேக்கிறன். குள்ளர் சண்டையோ? எடுங்கோ. கடல் பயணமோ? அதையும் எடுங்கோ, கண்டியில கடலுக்கு எங்க போறது. இரண்டாவது அரசி... அவ ஒரு கரைச்சல் பிடிச்சவ, எழுதேக்கையே எனக்கு அவவில பெரிய விருப்பமில்லை, வெட்டுங்கோ. நஞ்சு வைக்கிற மந்திரி இருக்கட்டும், அவன் இல்லாட்டி ஆக்கள் நித்திரை கொண்டிடுவினம்.

எட்டாம் புத்தகமோ. வாவிக்கரை மாளிகை எரியிற இடம். ம். எரியக்கூடாது எண்டு சொல்லிப்போட்டினமோ? அப்ப என்ன செய்யப் போறியள்? வெள்ளமோ? வாவி பெருகி மாளிகையைக் கொண்டுபோகுது...

இல்லை, கோவமில்லை. யோசிக்கிறன். எரிக்கிறது ஆக்கள், வெள்ளம் தானா வாறது. ரெண்டும் ஒண்டில்லைத் தம்பி. ஆனாப் பறவாயில்லை. வெள்ளமே வரட்டும். மாளிகை இனி இல்லை, அங்க போய்த் தேடிப் பிரயோசனமில்லை எண்டு பாக்கிற ஆளுக்கு விளங்கினாச் சரி. அது மட்டும் வடிவா விளங்கவேணும். ஒரு சுவரும் நிக்கக்கூடாது.

முன்பக்கத்துப் படத்தைப் பற்றித் திரும்பவும் கேக்கிறியள். ஓம், அரசியின்ர நாடு முழுக்கத்தையும் கீறின அந்த வரைபடம்தான். கீறினது ஓவியர் ஒருத்தருமில்லை, வீட்டிலதான் கீறினது. நடிச்சவையளின்ர பேர் ஓடேக்க அதைப் பின்னால போடப் போறியளோ? போடுங்கோ, போடுங்கோ! நல்லாப் பெரிசாப் போடுங்கோ. ஆனா ஒண்டு, ஆறு, மலை ஒண்டையும் இடம் மாத்தக்கூடாது. வடிவா இருக்கும் எண்டு போட்டு ஒரு மலையை அங்காலை தள்ளுறது, இஞ்சாலை தள்ளுறது, அந்த வேலையெல்லாம் வேண்டாம்.

பாருங்கோ, நீங்கள் கேட்டதுக்கெல்லாம் தலையாட்டிப்போட்டன். இப்ப என்ரை முறை. வந்தவுடனேயே சொன்னனான், நீங்கள் சிரிச்சு மழுப்பிப்போட்டியள். எனக்கு ஒண்டே ஒண்டுதான் வேணும். புத்தகத்தில இல்லாத ஒரு காட்சி. மாளிகை போனாப்பிறகு அரசி ஒரு புறாவைக் கையில வைச்சுக்கொண்டு, தான் இப்ப எங்க இருக்கிறன் எண்டு மகன் ஆதிரனுக்கு வழி சொல்லி விடுறா. அவ்வளவுதான். ஆனா அது எட்டாம் கிழமையோ ஒன்பதாம் கிழமையோ வரக்கூடாது, முதல் கிழமையே வரவேணும். வந்து, ஒவ்வொரு கிழமையும் முடியேக்க வரவேணும்.

எழுதினவையள் எல்லாம் வெட்டாதேங்கோ எண்டு சண்டை பிடிப்பினம், இந்த மனிசி கூட்டச் சொல்லுது எண்டு பாக்கிறியள். ஓம், மாளிகை போக முதல் எப்பிடி வழி சொல்லுறது எண்டு எனக்கும் தெரியும், நான்தானே கதை எழுதினது. முதல் கிழமையில மாளிகையை வெள்ளத்தில விடுங்கோ. மிச்சத்தை அவ நினைச்சுப் பாக்கிறதாச் சொல்லுங்கோ. சனத்துக்கு அலுக்குமோ? அலுக்கட்டுமே! சவுக்கார விளம்பரம் ஒவ்வொரு நாளும் வருது, அது அலுக்கேல்லையே. அதைப்போலத்தான். சொல்லிச் சொல்லியே மனசில பதியட்டும்.

கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு வெருட்டேல்லை. ஆனா இது இல்லையெண்டா வைக்கமாட்டன். இதைப் போட்டாச் சல்லிக் காசும் வேண்டாம், சும்மா எடுங்கோ.

அப்பிடி வாங்கோ வழிக்கு. சொல்லுறன், எழுதுங்கோ. வசனத்தை நீங்கள் செந்தமிழில மாத்துவியளோ, பாட்டா மாத்துவியளோ, அது உங்கட விருப்பம், வழி மட்டும் மாறக்கூடாது.

வாவிக்கரையை முதுகுக்குப் பின்னால விட்டிட்டுக் கிழக்காலை போ. பெரிய ஆறு வரும். பாலத்தால தாண்டு. தாண்டிக் கொஞ்சத் தூரம் போனா, முந்தி ஒரு ராசா மாளிகை கட்டி இருந்த ஊர் வரும். வண்டி நிக்கிற இடத்தில இறங்கு. ஆரையும் விசாரிக்காதை, பேசாமல் அரசமரத்தடியால இடக்கைப் பக்கத்து ஒழுங்கைக்குள்ள இறங்கி நட. ஒழுங்கை முடியிற இடத்தில ரெண்டு பலாமரம் நிக்கும். அதுக்கு நடுவில பச்சைப் படலை. அது பூட்டிறேல்லை. தள்ளிக்கொண்டு வா.

அரசி வீட்டுக்குப் படலையோ எண்டு கேக்கிறியள். ஏன், நாடு போன அரசிக்குத் தங்கக் கதவோ போட்டுக் குடுப்பினம்? படலைதான்.

என்ன தம்பி, எழுதுறதை நிப்பாட்டிப்போட்டியள்?

ஓம். அதேதான். காலமை நீங்கள் வந்த பாதைதான். யன்னலால பாத்தாத் தெரியும், ரெண்டு பலாமரம்.

பொறுங்கோ, பஸ்.

இல்லை, அது நிக்காமல் போட்டுது.

எனக்கு விசர் எண்டு நினைக்காதேங்கோ. இஞ்ச இருங்கோ, சொல்லுறன். சொல்லாமலே கையெழுத்து வைச்சு உங்களை அனுப்பிப்போடலாம் எண்டுதான் பாத்தனான். ஆனா கொழும்புக்குப் போன உடனே, கிழவி ஏதோ உளறினது எண்டு அதைத்தான் முதல் வெட்டுவியள். நேரம் காணாட்டி ஆர் எண்டாலும் அதைத்தானே வெட்டுவினம்.

அந்தப் படத்தைக் கீறினவன் சேந்தன். என்ரை மகன். அப்ப பன்னிரண்டு வயசு. எனக்கு இடம் வலம் ஞாபகம் நிக்காது, ஒரு புத்தகத்தில வடக்கை இருந்த மலை அடுத்த புத்தகத்தில தெற்கை நிக்கும். வாசிச்சுப்போட்டு ஒரே நக்கல். அம்மா, நீங்கள் எங்கட கண்டியையே வைச்சுக்கொள்ளுங்கோ, பேரை மட்டும் மாத்துவம் எண்டு சொல்லிப்போட்டு இருந்து கீறினான். குள்ளர் கணவாய் எண்டிறது கடுகண்ணாவை. பெரிய ஆறு மகாவலி. வாவிக்கரை மாளிகை எங்கட வீடு, வாவிக்குப் பின்னால ஏறிற றோட்டில இருந்தது. என்னைத்தான் அரசி ஆக்கினவன். உந்த யானைக்குச் செட்டை வைச்சதும் அவன்தான், நானில்லை. வாசிக்கிறவைக்கு அது என்ரை கற்பனை. எங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும் அது எங்கட ஊர்.

எண்பத்திமூண்டு சித்திரையில யாழ்ப்பாணம் போனவன், என்ரை தம்பி சுந்தரலிங்கம் வீட்டில நிண்டு படிக்க. ஆனியில ஒரு நாள் ரியூசனுக்கு எண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன், வரேல்லை. இயக்கத்துக்கு எண்டு வள்ளம் ஏறிட்டான் எண்டிச்சினம். எந்தக் கரையில இறங்கினான், ஆரோட போனான், ஒண்டும் தெரியாது. அடுத்த மாசம் ஆடிக் கலவரம். இஞ்ச என்ன நடந்தது எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கட வாவிக்கரை வீடு எரிஞ்சதில ஒரு சுவரும் மிஞ்சேல்லை. இப்ப அதில ஆரோ கெஸ்ற் ஹவுஸ் கட்டி வெள்ளைக்காரரை வைச்சிருக்கினம். போன ஐப்பசிச் சண்டையில சுந்தரலிங்கத்தின்ர வீடும் செல் விழுந்து போச்சு, அவையளும் இப்ப எங்கயோ கோயிலில நிக்கினமாம்.

அவனுக்குத் தெரிஞ்ச வீடு ரெண்டுதான் தம்பி. ரெண்டும் இல்லை.

ஒப்பந்தத்தோட கன பிள்ளையள் திரும்பி வந்ததெண்டு கேள்வி. இவனும் வந்திருந்தா? வந்து அந்தக் கெஸ்ற் ஹவுஸ் வாசலில நிண்டு பாத்திட்டு, நாங்கள் எல்லாரும் உள்ளுக்கையே எரிஞ்சு போனம் எண்டு நினைச்சுக்கொண்டு திரும்பிப் போயிருந்தா? தெரியாத தமிழ்ப் பெடியன் ஒருத்தனுக்கு இந்தக் காலத்தில ஆர் கதவைத் திறந்து பதில் சொல்லுவினம்? மகளும் இவரும் கனடாவில. எனக்கும் பேப்பர் எல்லாம் சரி, வா வா எண்டு போனில ஒரே அழுகை. நான் போனா இந்தப் படலையடியில ஆர் நிக்கிறது?

ரீவி இப்ப எங்கதான் இல்லை? இந்தியாவில மண்டபம் அகதிக் காம்பிலயும் படம் இழுக்குதாம், அன்ரனாவை இஞ்சாலை திருப்பினா. காட்டுக்குள்ளயும் பற்றறியில பாக்கினம் எண்டு சொல்லீனம். என்ரை கதை எண்டு தெரிஞ்சா அவன் கட்டாயம் பாப்பான், பிழை பிடிக்கிறதுக்காகவாவது பாப்பான். அந்தப் படத்தைக் கண்டானெண்டா, வாவிக்கரையை விட்டிட்டுக் கிழக்காலை வா எண்டு அரசி சொன்னாளெண்டா, அவனுக்கு விளங்கும். வேற ஒருத்தருக்கும் விளங்காது. அவனைத் தேடுறவைக்கும் விளங்காது. பேப்பரில விளம்பரம் போடப் பயந்துதானே இந்தப் பாடு.

நீங்கள் ஒண்டு கேக்க வாய் எடுத்து, கேக்காமல் விட்டிட்டியள். நல்ல பிள்ளை. இருக்கிறான் எண்டு என்னட்ட ஆரும் வந்து சொல்லேல்லை. இல்லை எண்டும் ஆரும் சொல்லேல்லை.

ஐயோ, என்ன இது, ஆம்பிளைப் பிள்ளை, கண்ணைத் துடையுங்கோ. வீரம்மா பாத்தா நான் உங்களை ஏசிப்போட்டன் எண்டு நினைப்பா. பேனையைத் தாங்கோ. எங்க வைக்கிறது, இதிலயோ? இந்தாங்கோ. பதின்மூண்டு கிழமை காணாது தம்பி, அதை மட்டும் அவையளிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. கதை காணாட்டிச் சொல்லுங்கோ, பன்னிரண்டாம் புத்தகமும் இருந்து எழுதித் தாறன். வீரம்மா! படலைக்கு அடிக்கவெண்டு அந்த மண்ணிறப் பெயின்ற் வாங்கி வைச்சமெல்லே, அதைக் கொண்டுபோய் ரீச்சரிட்டக் குடுத்துவிடுங்கோ. எங்களுக்குத் தேவைப்படாது.

வெளிக்கிடுறியளோ? மழை வரப்போகுது, கெதியாப் போங்கோ. அடுத்த பஸ் இப்ப வரும், நானும் படலை மட்டும் வாறன்.

அந்த யானையை விடுங்கோ தம்பி. உங்களுக்கும் பாவம் கரைச்சல். குதிரையிலயே வரட்டும். நடந்து வந்தாலும் சரிதான்.