வலது ஓரத்துப் புல்

நீங்கள் கால்பந்து பார்ப்பதில்லை என்று வந்தவுடனேயே சொல்லிவிட்டீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை மேடம். நெப்ராஸ்காவில் கால்பந்து என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற ஆட்டத்தைத்தான் நினைப்பார்கள். நான் சொல்வது நிஜமாகவே காலால் ஆடுவது. என் அப்பா சாகும்வரை அதைப் பொம்பளைப் பிள்ளைகள் ஆட்டம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய அறிக்கையைப் படித்தேன். 'மைதான ஊழியர் வெண்டல் கோசிக்கின் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உங்களை மறுபடி வரச் சொன்னேன். தலை நரைக்கிற வரை புல்தரை போட்டவன் நான். நான் போட்ட தரையில் ஒருவர்கூடத் தடுக்கி விழுந்தது கிடையாது. அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் அணி வருஷம் முழுக்கப் பிளாஸ்டிக் புல்லில்தான் லீக் ஆடுகிறது. வெயிலில் டயர் எரிகிற நாற்றம் வரும், விழுந்தால் முழங்கை உரிந்துவிடும். ஆனால் அமெரிக்க நாட்டு அணி ஒரே ஒரு ஆட்டத்துக்கு வந்தால் போதும், லாரி லாரியாக நிஜப் புல் வந்து இறங்கும். பாய் மாதிரி சுருட்டி வரும் அதைப் பிளாஸ்டிக்கின் மேல் விரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மணல் தூவி அழுத்துவோம். ஆட்டம் முடிந்ததும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் பையன்கள் அதில் ஒரு நாள்கூட ஓடியது கிடையாது.

கூட்டமும் அப்படித்தான். மடிப்புக் கலையாத புதுச் சட்டையும் முகத்தில் கொடியுமாக அன்றைக்கு வருகிறவர்களை லீக் ஆட்டத்தில் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள். மழையில் நனைந்துகொண்டு டிரம் அடிப்பது நாங்கள் ஒரு சின்னக் கும்பல்தான். எங்கள் லீக்கில் கடைசி இடத்துக்கு வந்தாலும் யாரையும் கீழ்ப்பிரிவுக்குத் தள்ள மாட்டார்கள். தோற்கிறவனுக்குப் பயமில்லை, வெட்கமெல்லாம் எங்களுக்குத்தான். இருந்தாலும் நாடு நாடுதான். நாட்டு அணிக்காக விடுமுறையையும் தொண்டையையும் நிறையவே செலவழித்திருக்கிறேன். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

நெஸ்டர் அராம்புலா எதிர்வீட்டுப் பையன். குடும்பம் மெக்ஸிகோவிலிருந்து வந்தது, அவன் பிறந்தது இங்கேதான். அவன் அம்மா எவாஞ்சலினா மாட்டுக்கறி ஆலையில் வேலை பார்க்கிறாள், அப்பா இல்லை. என் கராஜ் கதவில் பந்தை உதைத்து உதைத்துத்தான் ஆட்டம் பழகினான். கதவு நசுங்கிப் போனது, நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் அணிக்குள் அவன் வந்தபோது அவனுக்கென்று ஒரு பாட்டுக் கட்டினேன். கேலரியே அதைப் பாடியது. எனக்குப் பிள்ளை இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா சோள மாவில் கறி வைத்து அவித்த தமாலே ஒரு பாத்திரம் நிறையத் தூக்கிக்கொண்டு வந்தான். வந்தவன் உட்காரவில்லை.

"தோன் வெண்டல், மெக்ஸிகோ நாட்டு அணிக்கு ஆட ஒத்துக்கிட்டேன். பேப்பர்ல பாத்து நீங்க தெரிஞ்சுக்க வேணாம்னுதான் நேர்ல வந்தேன்."

தோன் என்பது அவர்கள் பெரியவர்களுக்குத் தருகிற மரியாதை. என்னை அப்படிக் கூப்பிடுவது அவன் ஒருவன்தான்.

"நல்லா யோசிச்சிட்டியாடா?"

"யோசிச்சேன். நம்ம ஆளுங்க ரெண்டு வருஷமா என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. அவங்க கூப்பிட்டாங்க. எங்கப்பா இருந்திருந்தா சந்தோஷத்துல அழுதிருப்பாரு."

"சரி, போ. நம்ம மேல மட்டும் கோல் போட்டுத் தொலைக்காத."

சிரித்தான். "அதுக்கெல்லாம் நான் வாக்குக் குடுக்க முடியாது."

தமாலே நன்றாகவே இருந்தது. எனக்கு அன்றைக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

கோடையில் டெக்சஸில் கோப்பை அரையிறுதி, நமக்கும் மெக்ஸிகோவுக்கும். நம் நாட்டில் நடக்கும் ஆட்டத்தில் முக்கால்வாசி கேலரி மெக்ஸிகோவின் பச்சையாக இருந்தது. அது எனக்குப் பழக்கம்தான். கடைசி நேரத்தில் நெஸ்டர் கோல் போட்டான், நாம் வெளியேறினோம். அதுகூடப் பெரிதில்லை. போட்டுவிட்டு அவன் குதிக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல இரண்டு கைகளையும் உயர்த்தினான். ஆட்டக்காரர்களுக்குள் அது ஒரு மரியாதை, எனக்கும் தெரியும். ஆனால் என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. குதித்திருந்தால் பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் கோல் போட்டான் என்று விட்டிருப்பேன். மன்னிப்புக் கேட்கிறவன், செய்வது தப்பு என்று தெரிந்துதானே செய்திருக்கிறான்?  

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல எங்கள் ஊர் அணிக்கு லீக் ஆட வந்தான். பக்கத்தில் டிரம் அடிக்கும் லோர்னாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன வெண்டல், உன் செல்லப் பிள்ளை நம்ம தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டானே? இன்னும் அவன் பாட்ட வேற அடிக்கணுமா?"

"அடி. பேசாம அடி."

இரண்டு பேரும் அடித்தோம். அவன் கோல் போட்டான், கேலரியைப் பார்த்துக் கையசைத்தான். நானும் அசைத்தேன். அன்றுதான் முடிவு செய்தேன்.

வசந்த காலத்தில் இரண்டு நாடுகளும் எங்கள் ஊரிலேயே ஆடுவதாக அறிவித்தார்கள். வழக்கம்போலப் புல் வந்தது, வழக்கம்போல ஒழுங்காக விரித்தேன். உங்கள் ஆட்கள் ஆட்டத்துக்கு முன்பே சோதித்தார்களே, குறை கண்டார்களா? இருந்தால்தானே காண. டாஸ் முடிந்ததும் எந்தப் பாதியில் யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. நெஸ்டர் ஆடுவது வலது ஓரத்தில். இரண்டாம் பாதியில் அவன் வரப்போகிற அந்த ஓரத்தில், முதல் பாதியில் வேகமாக ஓடப்போவது நம் பையன்கள். அதனால் இடைவேளை வரை பொறுத்தேன்.

இடைவேளையில் நாங்கள் நாலு பல் வைத்த இரும்புக் கம்பியோடு உள்ளே போய், பிய்ந்த புல்லைக் குத்திச் சரிசெய்வோம். அத்தனை ஆயிரம் பேர் இருக்கிற இடத்தில், பட்டப்பகலில் செய்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் ஹாட் டாக் வரிசையில் நின்றார்கள். இரண்டு பாய்கள் சேருகிற இடத்தில் கம்பியை அடியில் கொடுத்து நெம்பினேன். புல்லுக்கு வேர் பிடித்திருக்கவில்லை, சுலபமாக எழுந்தது. மேலே மணலைத் தூவிவிட்டு வந்தேன்.

நம் தடுப்பாட்டக்காரனும் அங்கே ஓடுவானே என்று கேட்கிறீர்கள். ஓடுவான். ஆனால் நெஸ்டருக்கு ஒரு பழக்கம். பந்தைக் கோட்டுப் பக்கம் தள்ளுவதுபோலக் காட்டி, இடது காலை ஊன்றி, உள்ளே திரும்புவான். எந்த இடத்தில் ஊன்றுவான் என்பது எனக்குத் தெரியும். என் கராஜ் வாசலில் அதை அவன் பழகும்போது காபி குடித்துக்கொண்டு பார்த்தவன் நான். வேறு யாராவது விழுந்திருந்தால் அது விபத்து.

ஊன்றினான். கால் உள்ளே போய் மாட்டிக்கொண்டது, உடம்பு திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. ஓரத்தில் நின்ற எனக்குச் சத்தம் கேட்டது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தோன் வெண்டல், காலே இல்லாத மாதிரி இருக்கு. அம்மா மேல கேலரில உக்காந்திருக்காங்க, பயந்துடுவாங்க. நீங்க போய் பக்குவமா சொல்லுங்க."

போய்ப் பக்குவமாகச் சொன்னேன். எவாஞ்சலினா என் தோளில் சாய்ந்து அழுதாள்.

ஆக, கவனக்குறைவு இல்லை. அவன் விழவேண்டும் என்று புல்லை நெம்பியது நான். இனி ஆடவே கூடாது என்று நினைத்துத்தான் நெம்பினேன், ஆட மாட்டான் என்று டாக்டர்களும் சொல்லிவிட்டார்கள். நாட்டுக்காகச் செய்தேன் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

போலீஸை நீங்களே கூப்பிடுங்கள், ஆனால் ஒன்று. காலையில் அவனைக் கட்டிலிலிருந்து இறக்கி, வாசல்வரை நடத்திக் கூட்டிப்போவது நான்தான். அவன் அம்மாவுக்கு விடிகாலை ஷிஃப்ட். என் தோளைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி அடியெடுத்து வைக்கிறான். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை வந்தாலே அதிசயம், இப்போது தினமும் என்னோடுதான் காலை உணவு. அதனால் நாளைக்கு மத்தியானத்துக்கு மேல் வரச்சொல்லுங்கள். என்னை விட்டால் அந்தப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?