ஒழுகுற வான்

யோகா: இஞ்சாருங்கோ... வானுக்கு மேலை நிண்டு அங்காலை இஞ்சாலை நடக்காதேங்கோ! கூரை ஆடுது. ஏசியோடை சேந்து என்ரை தலையிலை விழப்போறியள்.

மூர்த்தி: விழமாட்டன். ஒழுகிற தண்ணிக்குப் பேசினைப் பிடிச்சனீரோ?

யோகா: பிடிச்சபடிதான் நிக்கிறன். கை உளையுது.

மூர்த்தி: உள்ளை கட்டில்?

யோகா: தொப்பலா நனைஞ்சுபோச்சு. மெத்தையைப் பிழிஞ்சால் ஒரு வாளி வரும்.

மூர்த்தி: உம்மடை சரக்குத்தூள் பை?

யோகா: அது... அதை நான் முந்தியே எடுத்து மற்றப் பக்கம் வச்சிட்டன்.

மூர்த்தி: ம்... முந்தியே.

யோகா: பிள்ளை பெத்தவளுக்குக் கொண்டுபோற சாமான். கவனமா வைக்கத்தானே வேணும்? நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ.

மூர்த்தி: ஏசியின்ரை நாலு போல்ட்டையும் கீழையிருந்து கொஞ்சம் இறுக்கும். கனக்க இறுக்காதையும், ரப்பர் நசிஞ்சுபோம்.

யோகா: இறுக்கிறன்... இறுக்கிறன்... இஞ்சாருங்கோ, நான் ஒண்டு சொன்னால் கோவிக்கமாட்டியளே?

மூர்த்தி: கோவிப்பன். சொல்லும்.

யோகா: ஏன் இந்த உத்தரிப்பு? விடிஞ்சால் பயணம். வான் இப்பிடியே டிரைவ்வேயிலை கிடக்கட்டும். காரிலை போவம். பின்னேரம் மெல்பேர்ணிலை நிப்பம்.

மூர்த்தி: நிண்டு? ராவிலை எங்கை படுக்கிறது?

யோகா: கேள்வியைப் பார்! தாரிணி வீட்டிலை. பெத்த மகள் வீட்டிலை.

மூர்த்தி: நீர் படும். நான் வானுக்கைதான். இனி உன்ரை வாசல்படி மிதிக்கமாட்டன் எண்டு அவளுக்குச் சொன்னனான். சொன்னது சொன்னதுதான்.

யோகா: சொல்லி மூண்டு வரியம்! கலியாண றெஜிஸ்ரர் முடிச்சாப்போலை போனிலை சொன்னவள் எண்ட கோவத்திலை வாயிலை வந்ததைச் சொன்னீங்கள். அதையே இன்னும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு...

மூர்த்தி: அவளும் ஒரு நாளெண்டாலும் ‘அப்பா வாங்கோ’ எண்டு கேட்டவளே?

யோகா: நீங்கள் போனை எடுத்தால்தானே கேக்கிறதுக்கு! ... பேரனுக்கு உங்கடை மூக்காம்.

மூர்த்தி: பாவம் பிள்ளை.

யோகா: பகிடியை விடுங்கோ. அவனை எப்பிடிப் பாக்கப்போறியள்?

மூர்த்தி: நீர் உள்ளை போய்த் தூக்கிக்கொண்டு வாரும். வான் ரோட்டிலை நிக்கும். ரோட்டு கவுன்சிலின்ரை, அவளின்ரை இல்லை.

யோகா: எனக்குத் தெரியும். ஊர் சுத்திப் பாக்க எண்டு எல்லாருக்கும் கதை விட்டு இதை வாங்கினது இதுக்குத்தான் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்.

மூர்த்தி: தெரிஞ்சால் நல்லது. மெல்பேர்ணிலை நாப்பது டிகிரி எண்டு நியூஸிலை சொல்லுறான். ஏசி இல்லாட்டி வானுக்கை அவிஞ்சுபோவன். அதுதான் இந்தப் பாடு.

யோகா: அவிஞ்சாலும் உங்களுக்குப் புத்தி வராது.

மூர்த்தி: கத்தாதையும். மூடியைக் கழட்டிட்டன்... ஓ...

யோகா: என்ன, ஓ?

மூர்த்தி: ஏசியின்ரை அடித்தட்டிலை ரெண்டு ஓட்டை இருக்கு. ஏசித் தண்ணி அதாலைதான் கூரைக்கு வந்து வெளியிலை வடியவேணும். ரெண்டையும் ஆரோ சிலிக்கன் வச்சு அடைச்சிருக்கினம். போக வழியில்லாமல்தான் உள்ளுக்கை கொட்டுது.

யோகா: ஆர் அடைக்கிறது? ஊத்தை கீத்தையாயிருக்கும்.

மூர்த்தி: ஊத்தை உப்பிடி வெள்ளையாயிருக்குமோ? வானை வித்தவன்ரை வேலைதான். போனைத் தாரும். நாக்கைப் பிடுங்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கிறன்.

யோகா: ஐயோ வேண்டாம்! பாவம் அந்த மனிசன். லிட்கமிலையிருந்து இவ்வளவு தூரம் தானே ஓட்டிக்கொண்டு வந்து தந்தவர்.

மூர்த்தி: அப்ப அவரில்லை எண்டுறீர்.

யோகா: நான் என்னத்தைக் கண்டன்? போன கிழமை ஏசி புதுசு மாதிரி ஓடுது எண்டு நீங்கள்தானே புழுகினீங்கள்.

மூர்த்தி: அதைத்தான் நானும் யோசிக்கிறன். போன கிழமை ஒரு சொட்டும் இல்லை. சிலிக்கனும் புதுசாத்தான் கிடக்கு. எங்கடை பாத்ரூமுக்குப் பூசின மாதிரி.

யோகா: வெள்ளை எண்டால் எல்லாம் ஒரு வெள்ளைதான்.

மூர்த்தி: விரல் அடையாளமும் கிடக்கு. சின்ன விரல்.

யோகா: பேசின் நிறைஞ்சிட்டுது. ஊத்திப்போட்டு வாறன்.

மூர்த்தி: ஏசியை நிப்பாட்டி எவ்வளவு நேரம்! இனி என்னண்டு நிறையும்? நில்லும் அங்கை.

யோகா: சரி! நான்தான்! இப்ப என்ன? நீங்கள் வேலைக்குப் போன நேரம் ஏணியை வச்சு ஏறினனான்.

மூர்த்தி: கதிரையிலை ஏறிப் பல்ப் மாத்தவே தலை சுத்துது எண்டுற ஆள்...

யோகா: சுத்தினதுதான். முருகா முருகா எண்டுகொண்டு இறங்கினனான். இது ஒழுகினால் வேறை வழியில்லாமல் வீட்டுக்குள்ளை வருவியள் எண்டு நினைச்சன். உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவிலை நிண்டு நிண்டு எனக்கு அலுத்துப்போச்சப்பா. பேசுறதெண்டால் பேசுங்கோ.

மூர்த்தி: ஓட்டை எங்கை இருக்கெண்டு உமக்கு என்னண்டு தெரியும்? குசினியிலை சிங்க் அடைச்சாலே என்னைக் கூப்பிடுற ஆள் நீர். ஆர் சொல்லித் தந்தது?

யோகா: தாரிணிதான். ஸ்கைப்பிலை படம் காட்டினவள். ‘அப்பா வான் வாங்கினது என்ரை வீட்டுக்கை வராமல் இருக்கத்தான். ஒழுகப் பண்ணுங்கோ அம்மா, நான் அப்பாவுக்கு முன் அறையை ஒதுக்கி வச்சிருக்கிறன்’ எண்டவள். சொல்லிப்போட்டு அழுதவள். ... கத்தி தரட்டே, சுரண்டி எடுக்க?

மூர்த்தி: வேண்டாம். கிடக்கட்டும்.

யோகா: கிடந்தால் ஒழுகுமே!

மூர்த்தி: ஒழுகட்டும். நான் இதை சனிக்கிழமையே கண்டனான்.

யோகா: கண்டனீங்களோ! பின்னையேன் இந்த வெய்யிலுக்கை ஏறி நிண்டு என்னைப் போட்டு உலுப்பினீங்கள்?

மூர்த்தி: இது அவள் சொல்லித் தந்ததெண்டால், என்னைக் கூப்பிட்டவளோ எண்டு கேக்கத்தான். கீழை நிண்டு உம்மடை முகத்தைப் பாத்துக் கேக்க எனக்கு வாய் வரேல்லை.