சனிக்கிழமை எண்ணெய்

நல்லெண்ணெயை மட்டும் நான் தெற்கு மாட வீதிச் செக்குக் கடையில்தான் வாங்குவேன், இன்ஸ்பெக்டர் சார். பாக்கெட் எண்ணெயில் வாசனையே இருப்பதில்லை. எங்கள் வீட்டிலிருந்து நீங்கள் எடுத்து வந்த கிண்ணத்தில் இருப்பதும் அதுதான். அதில் ஒன்றும் கலக்கவில்லை.

எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் குழந்தையை மணையில் உட்காரவைத்து, ஏழு சிரஞ்சீவிகளின் பெயரையும் சொல்லி, அவர்களைப் போல நீயும் நீண்ட நாள் இரு என்று பால் கொடுப்போம். தொண்ணூற்று மூன்று ஐப்பசியில் ஸ்ரீநாத்துக்கு ஆறு வயது நிறைந்தபோதும் சொன்னேன். மற்ற ஆறு பேரைப் பற்றிக் கவலையில்லை. முதல் பெயர் அஸ்வத்தாமா. பாஞ்சாலியின் ஐந்து பிள்ளைகளையும் தூக்கத்திலேயே கொன்றவன். நெற்றி மணியைப் பறிகொடுத்து, ஆறாத புண்ணோடு சாவில்லாமல் அலையும்படி கிருஷ்ணனிடம் சாபம் வாங்கியவன். அவனைத்தான் முதல் ஆளாக என் குழந்தையிடம் அழைத்திருக்கிறேன்.

அந்த வாரமே ஸ்ரீநாத்துக்குக் காய்ச்சல். இரவில் ஏறினால் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர். நான் பக்கத்திலேயேதான் படுத்திருந்தேன். விடிந்து தொட்டபோது சில்லென்றிருந்தான்.

என் கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நீ தூங்கிட்டியா, நீரஜா?"

அப்புறம் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் கூடத் தேவலை.

ஒரு சனிக்கிழமை அந்தப் பெரியவர் வாசலில் வந்து நின்றார். நெற்றியில் அழுக்குத் துணிக்கட்டு.

"ரெண்டு சொட்டு நல்லெண்ண குடும்மா. புண்ணு ஆறவே மாட்டேங்குது."

"எத்தனை நாளா இருக்கு?"

"அது கீதும்மா எத்தினியோ காலமா. சாவும் வரமாட்டேங்குது."

எனக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் சனிக்கிழமைதோறும் எண்ணெய் ஊற்றினேன், சோறும் போட்டேன். ஒருநாள் நிதானமாகத்தான் கேட்டேன்.

"தூங்கிண்டிருந்த குழந்தைய ஏன் அப்படிப் பண்ணினேள்?"

"எந்தக் கொயந்தம்மா?" என்று விழித்தார். அத்தனை பேரைக் கொன்றவருக்கு எந்தக் குழந்தை என்று எப்படி நினைவிருக்கும்?

போன சனிக்கிழமை தயிர்சாதத்தில் எலி மருந்தைப் பிசைந்து வைத்தேன். கொல்வதற்காக அல்ல. சாகாதவரை யாரால் கொல்ல முடியும்? கொஞ்ச நேரம் வலிக்கட்டும் என்றுதான். "நல்லா கீதும்மா" என்று சொல்லி, இலையை வழித்துச் சாப்பிட்டார்.

அவர் பெயர் வெள்ளைத்துரை, தி.நகரில் மீன்பாடி வண்டி ஓட்டினவர், வெளியே நிற்பது அவர் மகள் என்கிறீர்கள். அந்தப் பெண் அழுவது எனக்கும் கேட்கிறது. பாவமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அவர் செத்துவிட்டார் என்று மட்டும் சொல்லாதீர்கள். செத்திருந்தால் அவர் வேறு யாரோ. அப்படியானால் அன்று ராத்திரி என் குழந்தையின் பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான் என்றாகிவிடும்.

அவர் சனிக்கிழமை வருவார், சார். அதற்குள் அந்தக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.