தெர்மாமீட்டரில் ஏறாத காய்ச்சல்

ஆனந்தராசா: பேர்?

அன்னலட்சுமி: அன்னலட்சுமி.

ஆனந்தராசா: ஊர்?

அன்னலட்சுமி: கிளிவெட்டி.

ஆனந்தராசா: ஆரோட வந்தனீங்கள்? வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?

அன்னலட்சுமி: ஒருத்தரும் இல்லை ஐயா... நான் தனி. இந்தாங்கோ, அடையாள அட்டை.

டொக்டர்: அதை உள்ள வையுங்கோ அம்மா. இது ஆசுப்பத்திரி, ஆமி மறிக்கிற சென்றி இல்லை. இவர் டொக்டருக்குப் படிக்கிற பிள்ளை... டேய் ஆனந்தராசா, உன்னை மறிச்சு ஆமிக்காரன் கேக்கிறதைத்தானே நீ இவவிட்டக் கேக்கிறாய்?

ஆனந்தராசா: புத்தகத்தில அப்பிடித்தான் சேர்... முதல் பேர், பிறகு ஊர்...

டொக்டர்: புத்தகம் எழுதினவன் இவவைப்போல மூதூர் லோஞ்சில கடல் தாண்டி வரேல்லை. என்ன கரைச்சல் எண்டு கேள். கேட்டிட்டு வாயை மூடிக்கொண்டு இரு.

ஆனந்தராசா: என்ன கரைச்சல் அம்மா?

அன்னலட்சுமி: காய்ச்சல். நடுக்கம். மூண்டு நாளா... மலேரியாக் குளிசை தந்தா போயிடுவன். கடைசி லோஞ்சு...

ஆனந்தராசா: பொறுங்கோ. சேர், தெர்மாமீட்டர் ஏறேல்லை. காய்ச்சலே இல்லை.

அன்னலட்சுமி: விட்டு விட்டு வாறது ஐயா.

ஆனந்தராசா: இரத்தம் குத்திப் பாப்பமோ?

அன்னலட்சுமி: வேண்டாம்! குளிசையை மட்டும் தாங்கோ.

ஆனந்தராசா: ஏனம்மா பொய் சொல்லுறீங்கள்?

டொக்டர்: நீ இஞ்சால வா... பொய் எண்டு சொல்லிப்போட்டாய். இனி அவ வாய் திறப்பாவோ?

ஆனந்தராசா: அப்ப சும்மா குளிசை குடுக்கிறதோ சேர்?

டொக்டர்: அவவின்ர கையைப் பாத்தனியோ? இருக்கிற கதிரையை இறுக்கிப் பிடிச்சபடி விடுறா இல்லை. எதுக்குப் பயப்பிடுறா?

ஆனந்தராசா: எனக்கும் பயமாத்தான் கிடக்கு. வாசல்ல ஆமி நிக்குது.

டொக்டர்: அப்ப கதவைச் சாத்து. கிட்ட இருந்து, மெல்லக் கதை.

ஆனந்தராசா: அம்மா... பொய் எண்டு சொன்னது என்ர பிழை. கோவிக்காதேங்கோ. நடுக்கம் வரேக்க எப்பிடி இருக்கும்?

அன்னலட்சுமி: பல்லெல்லாம் கிடுகிடெண்டு அடிக்கும் தம்பி. சாக்கால மூடிப் பிடிச்சாலும் நிக்காது... கூப்பிட்டாலும்...

ஆனந்தராசா: கூப்பிட்டாலும்?

அன்னலட்சுமி: ஒண்டுமில்லை. லோஞ்சு போயிடும்.

ஆனந்தராசா: காய்ச்சல் உங்களுக்கு இல்லை. ஆருக்கெண்டு நான் கேக்கேல்லை. பேரும் வேண்டாம், எங்க கிடக்கிறார் எண்டும் வேண்டாம். ஒண்டு மட்டும் சொல்லுங்கோ... குளிசை விழுங்க ஏலுமோ?

அன்னலட்சுமி: கதவு சாத்தினதுதானே தம்பி?

ஆனந்தராசா: சாத்தினதுதான். எனக்குச் சொல்லுங்கோ அம்மா.

அன்னலட்சுமி: நேற்று என்னைப் பாத்து ஆரெண்டு கேட்டவன் தம்பி... பெத்த தாயை. இண்டைக்கு விடியத் தண்ணி பருக்கினனான். கடைவாயால வழிஞ்சு போச்சு.