சங்குக்கு ஒரு மழைக்கோட்டு

நாய்க்கு மழைக்கோட்டு வாங்குவது நினைக்கிற அளவுக்குச் சுலபமில்லை, சார். கழுத்துச் சுற்றளவு வேண்டும், நெஞ்சுச் சுற்றளவு வேண்டும், முதுகின் நீளம் தனி. எல்லாவற்றையும் அளந்துகொண்டுதான் பாளையங்கோட்டைக்குப் போனேன். ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் அரைகுறையாக விடமாட்டேன்.

நாய் என்னுடையது அல்ல. என் பெரியப்பா மகன் பொன்னுதுரை அண்ணனுடையது. பெயர் சங்கு. ராஜபாளையம் நாய், முழு வெள்ளை, உடம்பில் ஒரு மயிர்கூட வேறு நிறம் கிடையாது. அண்ணனுக்கும் எனக்கும் அடுத்தடுத்த உப்பளம், நடுவில் ஒரே வரப்பு. அவருக்குச் சுத்தமாகக் காது கேட்காது. விடியுமுன் துறைமுகச் சாலையைக் குறுக்கே கடந்துதான் அளத்துக்குப் போவார். சங்கு முன்னால் போகும், அவர் பின்னால் போவார். அந்தச் சாலையில் ஓடுகிற கண்டெய்னர் லாரிக்காரர்கள் எல்லாருக்கும் இது பழக்கம். தூரத்தில் வெள்ளையாக ஒன்று அசைந்தாலே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள், பின்னாலேயே அண்ணாச்சி வருவார் என்று.

அண்ணனை எனக்குப் பிடிக்காது. அதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது. பெருவெள்ளம் வந்த மார்கழியில் தன் அளத்தைக் காப்பாற்ற நடு வரப்பை வெட்டிவிட்டார். வெள்ளம் முழுதும் என் பக்கம் திரும்பியது. ஒரு வருஷத்து உப்பு, ஆள் உயரத்துக்கு மேல் குவித்து வைத்திருந்த அம்பாரம், என் கண் முன்னாலேயே கரைந்து போனது. மண்வெட்டி அவர் கையில்தான் இருந்தது. வெட்டவில்லை என்று ஒரு பேச்சுக்குக்கூட அவர் சொல்லவில்லை. வேலையாட்கள் எல்லாரும் நிற்கும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்:

“ஏலே, கரைஞ்சா என்ன? கடலு இங்கனதான கெடக்கு. திரும்ப எடுத்துக்க.”

ஆட்கள் சிரித்தார்கள். என் வேலையாட்களும் சிரித்தார்கள். சங்கு அவர் காலடியில் நின்று என்னைப் பார்த்து வாலாட்டியது. நாயின் மேல் எனக்குக் கோபமில்லை. அண்ணனையும் நான் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் சண்டைக்காரன் இல்லை, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

போன ஐப்பசியில் அண்ணன் மகள் செல்வராணி என் வீட்டுக்கு வந்தாள். பாளையங்கோட்டையில் நாய்ச் சாமான்கள் விற்கிற கடை இருக்கிறதாம். சங்கு தினமும் நனைந்து நடுங்குகிறதாம். நான் அந்தப் பக்கம் போகிறேன் என்று தெரிந்து கேட்டாள்.

“சித்தப்பா, மஞ்சக் கலரா பாத்து வாங்குங்க. இருட்டுல லாரிக்காரனுக்குத் தெரியணும்லா.”

கெட்டிக்காரப் பெண். அவள் சொல்கிறவரை எனக்கு அப்படி ஒரு யோசனையே வந்ததில்லை.

கடையில் இரண்டு விதம் காட்டினார்கள். ஒன்று மஞ்சள், விளக்கு பட்டால் மின்னுகிற பட்டை வைத்தது. இன்னொன்று தார்ச்சாலை நிறம், பட்டை எதுவும் இல்லை. இரண்டையும் மேசையில் விரித்துப் போட்டு வெகு நேரம் பார்த்தேன். கடைக்காரப் பையன் மஞ்சளைத்தான் எடுக்கச் சொன்னான். மஞ்சள் சீக்கிரம் அழுக்காகும் என்றேன். தார் நிறத்தில் தொப்பி வைத்ததும் இருந்தது. அதையே எடுத்தேன். நாயின் தலையும் வெள்ளைதானே. கால்கள் மட்டும் வெளியே தெரியும், அதைச் சேறு பார்த்துக்கொள்ளும்.

தெருவில் யாரும் அதை விசேஷமாகப் பார்க்கவில்லை. மழைக்காலம் வந்தால் வெள்ளையை மூடுவதுதான் எங்கள் தொழில். அம்பாரத்தின் மேல் ஓலை பரப்பி, கறுப்புத் தார்ப்பாய் கட்டி, ஒரு பொட்டு வெள்ளை வெளியே தெரியாமல் மூடிய பிறகுதான் எங்களுக்குத் தூக்கம் வரும். அண்ணனுக்கும் கோட்டு பிடித்துவிட்டது. அம்பாரத்துக்கு மூடாக்குப் போட்டது போலவே இருக்கிறது என்று சிரித்து, என் தோளில் தட்டினார். அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் நல்லவிதமாகப் பேசியது அன்று ஒரு நாள்தான். அப்போதே கழற்றச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, சார்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். லாரி ஓட்டிய டெரன்ஸ் புன்னைக்காயல்காரன், தண்ணி போடாதவன். சங்கு துள்ளி விலகிவிட்டது, அதற்குக் காது கேட்கும். அண்ணனுக்குக் கேட்காது. நாயைப் பார்க்கவே இல்லை, பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று அவன் அழுதான். ஒருவரும் நம்பவில்லை. அந்த நாயைப் பார்க்காத லாரிக்காரன் உண்டா என்று எல்லாரும் அவனைத்தான் ஏசினார்கள். அண்ணனைத் தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன்.

மஞ்சள் கோட்டு சங்கின் அளவில் இல்லை என்று செல்வராணியிடம் சொல்லியிருந்தேன். இருந்தது. கடையில் நான் நாடா வைத்து அளந்து பார்த்த முதல் கோட்டே அதுதான். ஆனால் நான் யாரையும் தள்ளிவிடவில்லை, யார் மேலும் லாரி ஏற்றவில்லை. வாயில்லாத ஜீவன் நனையக் கூடாது என்று ஒரு கோட்டு வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதுவும் அந்தப் பிள்ளை கேட்டதால்.

சங்கு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதைப் பார்த்தால் அப்பா நினைவு வருகிறது என்று அவளே கொண்டுவந்து விட்டாள். விடியுமுன் என்னோடு அளத்துக்கு வருகிறது. சாலையில் அது முன்னால் போகும், நான் பின்னால் போவேன். லாரிக்காரர்கள் தூரத்திலேயே பார்த்து நிறுத்துகிறார்கள், நல்ல பிள்ளைகள்.

நேற்றுக் கொட்டுகிற மழையில் நாங்கள் இருவரும் கிளம்பும்போது செல்வராணி அவள் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். சங்குக்கு ஏன் கோட்டு போடவில்லை என்று கேட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தபோதே நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அனுப்புவீர்கள் என்று தெரிந்துவிட்டது. நான் வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன்.

“நனைஞ்சா நாய்க்கு ஒண்ணும் ஆயிராது, ஏளா.”